முபாரக்கும் அந்த ஒரு மத்தியானமும்

ஹோஸ்னி முபாரக் என்றாலே 2011ல் தஹ்ரீர் சதுக்கத்துக் கூட்டம் இறக்கிவிட்ட கிழவர்தான் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவார். கிட்டத்தட்ட முப்பது வருஷம் எகிப்தின் அதிபர். அந்த நாற்காலிக்கு அச்சாரம் போட்டது 1973 அக்டோபர் 6ம் தேதி மத்தியானம். அந்த மத்தியானத்தில் விமானப்படைத் தளபதியாக அவர் செய்தது என்ன, செய்ததாகச் சொல்லிக்கொண்டது என்ன? கொஞ்ச நாளாக இதைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறேன்.

விமானி என்ற வகையில் ஆள் சோடை இல்லை. 1950ல் விமானப்படைக் கல்லூரியில் தேறியவர். அங்கேயே பயிற்சியாளர், பிறகு சோவியத் யூனியனில் குண்டுவீச்சு விமானப் பயிற்சி. 1967 ஜூன் 5ம் தேதி எகிப்தின் விமானப்படை தரையில் நின்றபடியே நொறுங்கிப்போனது. சில மாதங்களில் அதே கல்லூரியை இவர் கையில் கொடுத்தார்கள். விமானம் வாங்கிவிடலாம், விமானியை வாங்க முடியுமா? வருஷக்கணக்கில் ஆட்களைத் தேற்றும் அலுப்பான வேலை. என் கணக்கில் அவருடைய உண்மையான சாதனை இதுதான். 1972ல் தளபதி ஆனார்.

ஆனால் அரசாங்கம் பாடிய பாட்டு வேறு. 'முதல் விமானத் தாக்குதல்'தான் வெற்றிக்கு வாசலைத் திறந்ததாம். 200க்கும் மேற்பட்ட விமானங்கள் சூயஸ் கால்வாயைத் தாண்டியது நிஜம். அதிபர் அன்வர் சதாத்தின் தம்பி ஆதிஃபே அன்றைக்கு விமானத்தோடு போய்ச் சேர்ந்தார். அதை யாரும் மறுக்க முடியாது.

இடிப்பது போர்த் திட்டத்தில். முப்படைத் தலைமை அதிகாரி சாத் எல் ஷாஸ்லி தன் நினைவுக்குறிப்பில் வெளிப்படையாகவே எழுதுகிறார்: இஸ்ரேலோடு வானத்தில் மல்லுக்கட்ட நம்மால் ஆகாது. அதனால் கால்வாயைத் தாண்டி 10, 12 கிலோமீட்டரில் நின்றுவிட வேண்டும், மேலே குடை பிடிக்க ஏவுகணைகள். அதாவது, தன் விமானப்படை பலவீனமானது என்று ஒப்புக்கொண்டு போட்ட திட்டம்! கால்வாய்க்கரை மணல் மதிலை உடைத்ததும் குண்டு இல்லை, பொறியாளர்கள் தண்ணீர் பம்பு வைத்துக் கரைத்தார்கள்.

அக்டோபர் 14ல் ஷாஸ்லி பேச்சைக் கேட்காமல் டாங்கிகளைக் குடைக்கு வெளியே அனுப்பினார்கள். ஒரே நாளில் 250 டாங்கி போச்சு. மன்சூராவில் நடந்த வான் சண்டைக்காக எகிப்து விமானப்படை தினம் கொண்டாடுவதும் அதே அக்டோபர் 14ல்தான். படித்தபோது எனக்கே சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

முபாரக் 1975ல் துணை அதிபர், 1981ல் அதிபர். ஷாஸ்லிக்கு 1973 டிசம்பரிலேயே பதவி போனது. நினைவுக்குறிப்பில் ராணுவ ரகசியத்தை வெளியிட்டார் என்று, ஆள் நாட்டில் இல்லாமலே தண்டனை விதித்தார்கள். 1992ல் திரும்பி வந்தவரைச் சிறையில் போட்டது முபாரக்கின் அரசு.

2010ல் வெள்ளை மாளிகைப் படம் ஒன்றில், பின்னால் நடந்த முபாரக்கை ஒபாமாவுக்கு முன்னால் ஒட்டவைத்து அச்சடித்தது அல் அஹ்ராம் பத்திரிகை. மாட்டிக்கொண்ட பிறகும் ஆசிரியர் அதை நியாயப்படுத்தினார்.

ஷாஸ்லி 2011 பிப்ரவரி 10ல் காலமானார். மறுநாள் முபாரக் பதவி விலகினார்.