கேட்கும் நயம்

ராயபுரத்திலிருந்து காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் வரிசை பிடித்து நிற்க, அந்த இரைச்சலுக்கு நடுவே ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில், எதிரே இருக்கும் குழந்தை தானாக வாய்திறக்கும் வரையில் அவசரப்படாமல் காத்திருக்கிற ஆலோசகரின் தொழிலை, வீணையையும் சிற்பத்தையும் போல ரசித்துப் போற்றத்தக்க கலை என்றே கருதுகிறேன்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் 1957-ல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில், பாண்டித்தியத்தை அவசியமென்று கொள்ளாமல், பிறர் நிலையில் நின்று உணர்தல், நிபந்தனையற்ற மதிப்பு, பாசாங்கற்ற நேர்மை ஆகிய குணங்களையே ஆலோசகரிடம் வேண்டினார். வடசென்னையிலோ, கடலோரக் குடும்பங்களின் வருஷச் சுழற்சியை அறிந்திருப்பதும் அவற்றோடு சேர வேண்டும். மீன்பிடித் தடைக்காலமாகிய ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லலாகாது. பொதுத்தேர்வு முடிவுகளும் பெரும்பாலும் மே மாதத்தில், வீட்டில் வருமானம் வற்றிய அந்த நாட்களிலேயே வந்து சேர்கின்றன.

அப்போது ஒரு மாணவன் வந்து, "படிப்பு ஏறல மிஸ், அப்பாகூட போட்டுக்குப் போயிடறேன்" என்கிறான் என்று கொள்வோம். கல்வியின் மேன்மையைப் பற்றி உபந்நியாசம் செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. வித்தை கைவந்தவரோ அதை நழுவவிட்டு, "போட்டுல உனக்கு என்னப்பா வேலை குடுப்பாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு மௌனமாகிறார். ஐஸ் உடைப்பதையும் வலை இழுப்பதையும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்த பையன், தடைக்காலத்தில் வட்டிக்கு வாங்கிய பணத்தில் வந்து நிற்கிறான். இன்னும் சிறிது பொறுத்தால், கணக்கில் தவறியதை வீட்டில் சொல்லவே இல்லை என்பதும் வெளிப்படுகிறது. துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கும் வழியை அவர் எடுத்துரைப்பது அதற்குப் பிறகுதான். இடையே அவர் பேசாதிருந்த அந்தச் சில நிமிஷங்களைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். பெற்றோராயினும் ஆசிரியராயினும் நம்மில் பலருக்கு அத்தனை நேரம் நாவை அடக்குவது சாத்தியமாவதில்லை.

இரகசியம் காக்கும் குணம் இதனினும் அரிது. சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில், ஆசிரியர் அறையில் விழுந்த சொல் சாயங்காலத்துக்குள் குழாயடிக்கு வந்துவிடும். ஆயினும் உயிருக்கு ஆபத்தென்று தோன்றினால் அந்த மௌனத்தை உடைத்தே தீர வேண்டும். அந்த வரம்பை முதல் சந்திப்பிலேயே குழந்தையிடம் சொல்லிவிடும் நேர்மையும், தம் சக்திக்கு மீறியது என்று கண்டதும் மனநல மருத்துவரிடமோ, 1986 முதல் சென்னையில் தற்கொலைத் தடுப்புப் பணி ஆற்றிவரும் சிநேகா அமைப்பிடமோ தயங்காமல் அனுப்பும் அடக்கமும் ஒருவரிடம் சேர்ந்திருக்கக் காண்பது பாக்கியம். நேரில் வரத் துணியாத மாணவர்களுக்கு 2018-ல் தமிழக அரசு தொடங்கிய 14417 என்ற தொலைபேசி உதவி எண் இருக்கிறது. முகம் பார்த்துப் பேச வருகிறவர்களுக்கோ, வராந்தா ஓரத்து நாற்காலி போதாது, கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறையைப் பள்ளிக்கூடங்கள் கொடுத்தாக வேண்டும்.