இரண்டாம் மாடிக்கு எந்த நாற்காலி?

எங்கள் அடுக்ககத்தில் லிஃப்ட் கிடையாது. இரண்டாம் மாடியில் இருந்த பெரியப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு பழைய வேட்டி, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். அவரை இறக்கி ஏற்ற எங்களிடம் இருந்த ஏற்பாடு இவ்வளவுதான். ஆள் குறையும் நாளில் வாட்ச்மேனைக் கூப்பிடுவோம். ஒருநாள் திருப்பத்தில் நாற்காலியின் கால் பிளந்தது. சுவர் பக்கம் சாய்ந்ததால் பெரியப்பா பிழைத்தார். படியேறும் சக்கர நாற்காலிகளை அதன்பிறகுதான் தேடத் தொடங்கினோம். போன கடையிலெல்லாம் முதல் கேள்வி, "கையால் தள்ளுவதா, பேட்டரியா?" அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது என்று தெரிய எங்களுக்குச் சில மாதங்கள் ஆயின.

கையால் இயங்குபவற்றில் ஒரு வகைக்கு முச்சக்கரக் கொத்து. ஓர் அச்சைச் சுற்றி மூன்று சிறு சக்கரங்கள். ஒன்று படியில் முட்டியதும் கொத்தே புரண்டு, அடுத்தது மேற்படியில் உட்காரும். மூட்டை ஏற்றும் கைவண்டிகளில் பார்த்திருக்கலாம். கொத்தின் அளவுக்குப் படி உயரம் பொருந்தினால்தான் இது ஒழுங்காகப் புரளும். நம் வீடுகளில் முதல் படியும் கடைசிப் படியும் மற்றவற்றோடு ஒத்துப்போவது அபூர்வம். டைல்ஸ் ஒட்டும்போதே கணக்கு மாறிவிடுகிறது. பாரம் முழுவதும் மேலே நின்று இழுப்பவரின் முதுகில். இன்னொரு வகை, தீ விபத்தில் ஆளை இறக்குவதற்கானது. அதன் ரப்பர் பட்டை படி விளிம்புகளில் உரசி வேகத்தைக் கட்டுப்படுத்தும். ஒருவரே இறக்கிவிடலாம், ஆனால் அது மேலே ஏற்றாது. இதைச் சொல்லாமலே விற்பவர்களும் உண்டு.

இருந்தாலும் கைவகையை நான் ஒதுக்கமாட்டேன். எடை குறைவு, மடித்து வைக்கலாம், சார்ஜ் போட மறந்தோமே என்ற கவலை இல்லை. மாதம் இரண்டு முறை மட்டும் இறங்குகிறவருக்கு, வீட்டில் திடமான இரண்டு பேர் இருந்தால், நல்ல இடுப்புப் பட்டையுடன் அது போதும். வாரம் ஆறு முறை படி கடக்க வேண்டியவருக்கு அது தூக்குபவரையும் நோயாளியாக்கும்.

பேட்டரி வகையின் சிறப்பு அதன் பலம் என்று நினைத்திருந்தேன். கணக்குப் போட்டால் வேறு தெரிகிறது. 70 கிலோ ஆளையும் 50 கிலோ இயந்திரத்தையும் ஒரு மாடி, அதாவது 3 மீட்டர், உயர்த்தத் தேவையான ஆற்றல், உராய்வு இழப்பைச் சேர்க்காவிட்டால், 10 வாட் எல்இடி விளக்கு ஆறு நிமிடம் எரியும் மின்சாரம்தான். அதன் உண்மையான பலன் நிற்பதில் இருக்கிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் நடுப்படியில் அப்படியே நிற்கும். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடரலாம். ஆளைத் தூக்கிக்கொண்டு நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது.

சிக்கல் படியில். பேட்டரியால் ஓடும் ரப்பர் பட்டை வகைகளில் பலவற்றுக்கு 35 டிகிரிச் சரிவுதான் எல்லை. 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு அனுமதிக்கும் உச்சப் படி உயரம் 190 மில்லிமீட்டர், குறைந்தபட்ச மிதியகலம் 250. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டினால் சரிவு 37 டிகிரி! விதிப்படி கட்டிய படியிலேயே இயந்திரம் ஏறக்கூடாது. வீட்டிலேயே சோதிக்கலாம்: படி உயரத்தை மிதியகலத்தால் வகுங்கள், 0.7ஐத் தாண்டினால் அந்த வகையை மறந்துவிடுங்கள். திருப்பத்தில் அது முழுதாக நின்று திரும்ப இடமும் வேண்டும். ஒவ்வொரு படியாகத் தூக்கி வைக்கும் பேட்டரி வகை குறுகிய திருப்பத்திலும் போகும். ஆனால் சாய்த்துப் பிடிப்பவருக்குப் பழக்கம் வேண்டும். விலையோ லட்சங்களில்.

இவை எல்லாவற்றிலும் உட்கார்ந்திருப்பவர் இன்னொருவரை நம்பித்தான் இருக்கிறார். அதை மாற்ற முயன்றது டீன் கேமன் வடிவமைத்த ஐபாட் நாற்காலி (பாட்டுக் கேட்கும் ஐபாட் வேறு). கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தானே படியேற முடிந்தது. அமெரிக்காவில் 2003இல் அனுமதி பெற்றது. விலை சுமார் 25,000 டாலர். அங்குள்ள அரசு மருத்துவக் காப்பீடு அதன் படியேறும் வசதிக்குப் பணம் தர மறுத்தது. 2009இல் விற்பனை நின்று, 2019இல்தான் மீண்டும் வந்தது.

ஓர் அச்சமும் உண்டு. ஒரு கல்லூரியோ அரசு அலுவலகமோ இப்படி ஓர் இயந்திரத்தை வாங்கி மாடிப்படியடியில் நிறுத்திவிட்டு, லிஃப்ட் செலவு மிச்சம் என்று இருந்துவிடலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கேட்பது அணுகத்தக்க கட்டடத்தை. அதற்கான அளவுகோல்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக்கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

எங்கள் படி 0.75. திருப்பம் மூன்றடி. ஒவ்வொரு படியாக ஏற்றும் வகையைப் பழகிக் கையாள வீட்டில் நிரந்தரமாக ஆள் இல்லை. கடைசியில் பெரியப்பாவைத் தரைத்தள வாடகை வீட்டுக்கு மாற்றினோம்.

உங்கள் படி தேறினால் ஒன்று மட்டும் செய்யுங்கள். கடையில் காட்டும் விளக்கத்தோடு திருப்திப்படாமல், இயந்திரத்தை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். 25 கிலோ அரிசி மூட்டை மூன்றை அதில் கட்டி, தினமும் அதைக் கையாளப்போகிறவரையே ஏற்றி இறக்கச் சொல்லுங்கள். அம்மாவை அதற்குப் பிறகு உட்காரவையுங்கள்.