யார் மன்னித்தது? – ஒரு சைகோன் குறிப்பேட்டை வாசித்தல்

“இந்த ஜனங்கள் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார்கள்.” 2018இல் முதுகில் ஒரு பையோடு ஆறு நாள் சைகோனில் திரிந்தபோது நோட்டில் நான் எழுதிவைத்த வாக்கியம் இது. (1976இல் ஹோ சி மின் நகரம் ஆன ஊர், உள்ளூர்க்காரர்கள் வாயில் இன்னும் சைகோன்தான்.) பயணக்கட்டுரை கேட்டு நண்பரொருவர் நச்சரித்ததால் நோட்டை எடுத்தேன். இந்த வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. மன்னித்துவிட்டோம் என்று என்னிடம் சொன்னது யார்? ஒருவருமில்லை. விடுதிக்காரப் பெண் சிரித்தாள், காபிக் கடைக்காரர் சிரித்தார். தொழிலுக்காகச் சிரித்த சிரிப்பிலிருந்து ஒரு தேசத்தின் மன்னிப்பை நான் உருவிக்கொண்டேன்.

ஃபாம் ங்கு லாவ் தெருப் பக்கம் மலிவு விடுதிகளில் தங்கிவிட்டு எழுதுகிறவர்களின் பிரதிகள் பெரும்பாலும் ஒரே அச்சு. மோட்டார் சைக்கிள் வெள்ளம், தெருவைக் கடக்கப் பயம், போர் அருங்காட்சியகம், கண்ணீர், கூ ச்சி சுரங்கம், கடைசியில் சிரித்த முகங்கள். இந்தக் கதையாடலுக்குப் போர் வேண்டும். அது முடிந்துபோயிருக்கவும் வேண்டும். மன்னிப்பு என்கிற சொல் செய்யும் காரியம் இதுதான். பார்க்கிறவனைப் பொறுப்பிலிருந்து விடுவித்து ஊருக்கு அனுப்பிவைக்கிறது.

அருங்காட்சியகத்தின் பெயரையே ஒரு பிரதியாக வாசிக்கலாம். 1975இல் திறந்தபோது அது அமெரிக்காவும் அதன் பொம்மை அரசும் செய்த குற்றங்களின் காட்சியகம். 1990இல் அமெரிக்காவும் பொம்மையும் பெயரிலிருந்து போயின. போர், ஆக்கிரமிப்புக் குற்றங்கள் என்று பொதுவாக மிஞ்சியது. அமெரிக்காவுடன் தூதரக உறவு ஏற்பட்ட 1995இல் ‘போர் எச்சங்களின் அருங்காட்சியகம்’ ஆனது. குற்றம் என்றால் குற்றவாளி யார் என்ற கேள்வி வரும். எச்சத்துக்கு அந்தத் தொல்லை கிடையாது. இரண்டு அரசுகள் செய்துகொண்ட ராஜதந்திர ஏற்பாட்டைத்தான் நான் ஜனங்களின் மனசு என்று வாசித்திருக்கிறேன். உள்ளே ஏஜெண்ட் ஆரஞ்ச் அறை இருக்கிறது. 1961 முதல் 1971 வரை ஏழு கோடி லிட்டருக்கும் மேல் களைக்கொல்லி அந்த நாட்டின்மேல் கொட்டப்பட்டது. அதிலிருந்த டயாக்சினால் பாதிக்கப்பட்டவர்கள் ரசாயனக் கம்பெனிகள்மேல் போட்ட வழக்கை அமெரிக்க நீதிமன்றம் 2005இல் தள்ளுபடி செய்தது. தமிழ் இலக்கணம் படித்தவன் என்கிற முறையில் கேட்கிறேன்: என் வாக்கியத்தில் எழுவாய் இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, அந்த வினை எங்கே நடந்தது?

கூ ச்சியில் வெள்ளைக்காரப் பயணிகள் நுழையும்படி சுரங்கத்தின் ஒரு பகுதியை அகலப்படுத்தி வைத்திருக்கிறார்கள். கெரில்லாக்கள் தின்ற மரவள்ளிக்கிழங்கை அவித்து, வேர்க்கடலைப் பொடியோடு தருகிறார்கள். பக்கத்திலேயே துப்பாக்கி சுடும் திடல். ஏகே-47, எம்-16 எது வேண்டுமோ, குண்டுக்குக் காசு. செத்தவர்களைப் பற்றி வழிகாட்டி பேசிக்கொண்டிருக்கும்போதே டமார் டமாரென்று சத்தம். சுட்டுக்கொண்டிருந்த இளைஞர்கள்மேல் எனக்கு வந்த கோபம் நோட்டில் இரண்டு பக்கத்துக்கு இருக்கிறது. இப்போது வாசித்தால் கூச்சமாக இருக்கிறது. நான் மட்டும் என்ன வாங்கப் போனேன்? மூங்கில் தொப்பியும் துப்பாக்கியுமாகச் சுவரொட்டியில் பார்த்த வியட்நாமை. 1986க்குப் பிந்தைய சந்தைச் சீர்திருத்தம் பெற்றுப்போட்ட குளிர்சாதனக் கடைகளைப் பார்த்து ‘ஏமாற்றம்’ என்று எழுதியிருக்கிறேன். ஜனத்தொகையில் பெரும்பாலோர் 1975க்குப் பிறகு பிறந்தவர்கள். என் புரட்சிக் கனவுக்காக அவர்கள் இன்னும் சுரங்கத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும்போல!

அந்தத் தெருக்களில் இன்னொரு சரக்கும் விலைபோனது. போட்டோகாப்பி எடுத்துத் தைத்த புத்தகங்களை இடுப்புயரத்துக்கு அடுக்கிச் சுமந்து விற்பார்கள். கிரகாம் கிரீனின் ‘தி கொயட் அமெரிக்கன்’ இருக்கும், பாவ் நின்னின் ‘போரின் துயரம்’ இருக்கும். பாவ் நின் ஜெயித்த தரப்பின் படைவீரர். அவரோடு 1969இல் போன ஐந்நூறு பேரில் பிழைத்தவர்கள் பத்துப் பேர். நாவலின் கியென் போர் முடிந்ததும் காட்டில் காணாமல்போனவர்களின் எலும்பு பொறுக்குகிறான். வெற்றி அவனுக்கு எதையும் திருப்பித் தரவில்லை. வீரத்தைப் பாடாத இந்தப் பிரதியை உள்ளூரில் அதிகார விமர்சகர்கள் வசைபாடினார்கள். பயணிகளோ கள்ளப்பிரதி வாங்கி பஸ்ஸில் வாசித்தார்கள். நானும் வாசித்தேன். வாசித்த அன்றைக்கு ராத்திரிதான் அந்த மன்னிப்பு வாக்கியத்தை எழுதியிருக்கிறேன் என்று தேதி சொல்கிறது. என்னத்தை வாசித்தேனோ.

தோற்றவர்களைப் பற்றி நோட்டில் ஒரு வரி கிடையாது. சைகோனுக்கு வெளியே பியன் ஹோவா கல்லறையில் தென் வியட்நாம் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் புதைந்திருக்கிறார்கள். 2006வரை அந்த இடம் ராணுவத்தின் கையில் இருந்தது. அவர்களின் அம்மாக்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். அருங்காட்சியகத்தில் அவர்கள் ‘பொம்மை’, என் நோட்டில் அதுகூட இல்லை. அதிகாரபூர்வக் கதையாடலின் மௌனத்தை நான் அப்படியே நகலெடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கணக்கில் எப்போதும் வெள்ளைக்காரனை எதிர்ப்பக்கம் நிறுத்தி, என்னைச் சாட்சியாக வைத்துக்கொள்வது வசதியாக இருந்தது. பென் தான் சந்தைக்குப் பக்கத்தில் தமிழ் வணிகர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே கும்பிடுகிறவர்கள் அநேகமாக வியட்நாமியரும் சீனரும்; கல்சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு முணுமுணுப்பார்கள். நோட்டில் ‘நம்ம கோயில்’ என்று எழுதி அடிக்கோடு வேறு. அந்த ‘நம்ம’வில் யாரெல்லாம் அடக்கம்? பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் அங்கே வட்டிக்கு விட்டார்கள். 1930களின் மந்தத்தில் நெல் விலை விழுந்தபோது, கடன் கட்ட முடியாதவர்களின் வயல்கள் கைமாறின. சுவரில் நெற்றி வைத்திருந்த ஒரு கிழவி திரும்பிப் பார்த்து எனக்கு வழிவிட்டாள். அவள் பாட்டன் யாரிடம் கடன்பட்டான் என்று நான் கேட்கவில்லை; கேட்க அந்தப் பாஷையில் ஒரு வார்த்தையும் எனக்குத் தெரியாது. அவளும் சிரித்தாள் என்றுதான் எழுதிவைத்திருக்கிறேன்.