மானியமா? பங்கா?

நமது நாட்டு அரசியல் மேடைகளைக் கவனித்து வருபவர்களுக்கு ஒரு விஷயம் புலப்பட்டிருக்கும். சபாவைப் பற்றியும் சரவாக்கைப் பற்றியும் பேச எழுகிறவர் தீபகற்பத்தவரானால், “நாம் கொடுத்து வருகிறோம்” என்கிறார். போர்னியோக்காரரானால், “நீங்கள் எடுத்துக்கொண்டு விட்டீர்கள்” என்கிறார். கொடுப்பது, எடுப்பது என்னும் இவ்விரண்டு வினைச்சொற்களுக்குள் அறுபது வருஷத்து வழக்கு முழுவதும் அடைபட்டுக் கிடக்கிறது. இலக்கியப் பகுதியில் இதற்கென்ன வேலை என்று வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கலாம். சட்டமும் ஒரு நூல்தான். செய்யுளைப் பதம் பிரித்துப் படிக்கிற நாம், நம்மை ஆளுகின்ற வாக்கியங்களை மட்டும் பதம் பிரிக்காமல் விட்டுவிடுவது என்ன நியாயம்?

முதலில் “மானியம்” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். 1963ஆம் வருஷம் ஜூலை 9ந் தேதி லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதையொட்டி அரசியல் சட்டத்தின் 112சி ஷரத்தும் பத்தாவது அட்டவணையும் சபாவுக்கு ஒரு விசேஷ மானியத்தை ஏற்படுத்தின. அதன் கணக்கு வெகு சுலபம். சபாவிலிருந்து சமஷ்டி சர்க்காருக்குக் கிடைக்கும் நிகர வருமானம், 1963இல் கிடைத்ததைக் காட்டிலும் எவ்வளவு கூடியிருக்கிறதோ, அந்தக் கூடுதலில் ஐந்தில் இரண்டு பாகம் சபாவுக்குச் சேரவேண்டும். இன்று “40 சதவிகிதம்” என்று எல்லோரும் முழங்குவது இதைத்தான்.

பெயர் மானியம், ஆனால் கணக்கோ பங்கின் கணக்கு. மானியம் என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவது, அரசன் உள்ளமுவந்து கோயிலுக்கும் புலவனுக்கும் விட்ட நிலம். அதைப் பெற்றவன் கொடுத்தவனைப் பாடவேண்டும்; அளவு குறைந்தால் வாய் திறக்கக்கூடாது. பங்கு அப்படிப்பட்டதன்று. பாகப் பிரிவினையில் தன் பாகத்தை வாங்குகிற தம்பி அண்ணனுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நிற்பதில்லை. சட்டம் எழுதினவர்கள் பங்கு என்று எழுதவேண்டிய இடத்தில் மானியம் என்று எழுதிவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் பொருளை மறந்து பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். இதுவே நமது அபிப்பிராயம்.

மறந்ததன் விளைவைப் பாருங்கள். 1970இல் பிறந்த உத்தரவு ஒன்று இந்த ஐந்தில் இரண்டு பாகக் கணக்கை எடுத்துவிட்டு, 1969 முதல் 1973 வரை ஐந்து வருஷத்துக்கு இன்ன வருஷம் இன்ன தொகை என்று நிர்ணயித்தது. கடைசி வருஷத் தொகை 2 கோடியே 67 லட்சம் ரிங்கிட். 1974இல் மறுபடியும் உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அதே 2 கோடியே 67 லட்சம் 2021 வரையில் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. 2022இல்தான் அது 12 கோடியே 56 லட்சமாயிற்று. 1973இல் ஒரு தொழிலாளிக்கு எழுதிய சம்பளத்தை 2021 வரை மாற்றாமல் செக்ரோலில் எழுதி வந்த கிராணி ஒருவன் இருந்தால், அவனைப் பெரட்டுக் களத்தில் சும்மா விடுவார்களா? சபா வழக்கறிஞர் சங்கம் தொடுத்த வழக்கில், 2025 அக்டோபர் 17ந் தேதி கோத்தா கினபாலு உயர் நீதிமன்றம், 1974 முதல் 2021 வரை இந்தக் கடமையைச் செய்யாமல் விட்டது சட்ட விரோதம் என்று தீர்ப்பளித்தது.

நிற்க. பணத்தைவிட நம்மை அதிகம் வருத்துவது ஒரு பட்டியல். 1963இல் அரசியல் சட்டத்தின் முதல் ஷரத்து இச்சமஷ்டியின் ராஜ்யங்களை மூன்று தலைப்புக்களில் பிரித்து எழுதியிருந்தது: மலாயா ராஜ்யங்கள் ஒன்று, போர்னியோ ராஜ்யங்களாகிய சபாவும் சரவாக்கும் மற்றொன்று, சிங்கப்பூர் வேறொன்று. சிங்கப்பூர் 1965 ஆகஸ்டு 9ந் தேதி பிரிந்துபோயிற்று. 1976ஆம் வருஷத் திருத்தம் மிஞ்சிய இரண்டு தலைப்புக்களையும் அழித்துவிட்டு, 13 ராஜ்யங்களையும் ஆங்கில அகரவரிசையில் அடுக்கியது. சபாவும் சரவாக்கும் பெர்லிஸுக்கும் சிலாங்கூருக்கும் நடுவில் போய் உட்கார்ந்தன. நமது ஜொகூர் முதலிடம் பெற்றது. அதனால் நமக்கு ஒரு காசு கூட வந்ததில்லை.

“தலைப்புத்தானே போயிற்று, பெயர் போகவில்லையே” என்று கேட்பவர்களுக்கு நமது சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லத் துணிகிறோம். நாம் வேலையில் சேர்ந்த புதிதில், பக்கத்திலிருந்த சிறு தோட்டம் ஒன்று விலைபோய் எங்கள் தோட்டத்தோடு சேர்ந்தது. அங்கிருந்து வந்தவர்களின் பழைய சேவைக்காலத்தையும் கணக்கில் சேர்ப்பதாகப் பேச்சு. அவர்கள் பெயர்கள் பேரேட்டில் தனித் தலைப்பில் இருந்தன. அதைக் கணினியில் ஏற்றும்போது, பார்வைக்கு ஒழுங்காயிருக்கட்டும் என்று, தலைப்பை எடுத்துவிட்டு எல்லாப் பெயர்களையும் அகரவரிசையில் அடுக்கினோம். அடுக்கு அழகாகவே இருந்தது. சில வருஷம் கழித்து ஓய்வுப் பணம் கணக்கிட்டபோது, யார் பழைய தோட்டத்தார் என்று காட்ட அந்தக் கணக்கில் ஒன்றுமில்லை. ஒரு மூதாட்டி நம் மேஜையருகில் நின்று, “என் பேரு இருக்கு தம்பி. நான் எங்கேயிருந்து வந்தேங்கிறதுதான் இல்லை” என்றார். பழைய பேரேட்டைத் தேடி எடுத்துச் சரிசெய்ய ஐந்து மாதமாயிற்று. அதற்குள் அந்தத் தோட்டத்து ஆள் ஒருவர் இறந்துபோனார்.

சமஷ்டியின் பட்டியலைச் சரிசெய்ய 45 வருஷமாயிற்று. 2019இல் முதலில் முயன்றபோது 148 ஓட்டு தேவைப்பட்டது, 138தான் விழுந்தது. 2021 டிசம்பர் 14ந் தேதி 199 ஓட்டுக்களோடு திருத்தம் நிறைவேறிப் பழைய தலைப்புக்கள் திரும்பி வந்தன.

பட்டியலில் எழுதும் ஒரு சொல் பணத்தை எப்படித் திருப்பிவிடும் என்பதற்குப் பிரிட்டனிலும் ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கே ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்கு 1970ஆம் ஆண்டுகளின் இறுதியில் வந்த பார்னெட் கணக்குப்படி பணம் போகிறது. இங்கிலாந்தில் ஒரு துறையில் செலவு கூடினால் மற்றவர்களுக்கும் ஜனத்தொகை விகிதப்படி கூடவேண்டும். லண்டனிலிருந்து வடக்கே போடப்படும் அதிவேக ரயில் பாதையில் ஒரு மைல் கூட வேல்ஸில் இல்லை. ஆயினும் லண்டன் சர்க்கார் அதை “இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்” உரிய வேலை என்று பட்டியலில் எழுதிவிட்டது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் அதன் பொருட்டுப் பங்கு கிடைத்தது, வேல்ஸுக்கு இல்லை. நமக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தவர்களுடைய வீட்டிலேயே இந்தக் கதை!

இனி நம்மவர் சிலர் பெருமையோடு எடுத்துக்காட்டும் தமிழ்நாட்டு வாதத்துக்கு வருவோம். இந்தியாவின் 15ஆவது நிதிக் கமிஷன் மாநிலங்களுக்கென ஒதுக்கிய வரிப் பங்கில் தமிழ்நாட்டுக்கு வைத்தது 4.079 சதவிகிதம், உத்தரப் பிரதேசத்துக்கு 17.939. “எங்கள் பணம் வடக்கே போகிறது” என்ற குரலில் உண்மை உண்டு. ஆனால் அது பாதி உண்மை. திருப்பூர் பனியன் ஆலையில் தைக்கிறவர்களில் பீகாரிலிருந்து வந்தவர்களும் ஏராளம். அவர்களைப் பெற்று வளர்த்த செலவு பீகாருடையது, அவர்கள் உழைப்பில் விளையும் வரி தமிழ்நாட்டுக் கணக்கில் ஏறுகிறது. வசூலான இடம் வேறு, விளைந்த இடம் வேறு என்பதை இரு தரப்பாரும் பேச விரும்புவதில்லை.

நம் தொழிலில் இது நித்தியமும் காண்பதுதான். செம்பனைக் குலை ரெங்கத்தில் விழுகிறது. அதன் லாபக் கணக்கு தலைமைக் காரியாலயம் இருக்கும் பட்டணத்தில் விழுகிறது. இதே ஜொகூர் மண்ணின் ரப்பரால் அக்காலத்தில் லண்டனில் பங்கு வைத்திருந்தவர்கள் வாழ்ந்ததை நம் பாட்டன்மார் பார்த்திருக்கிறார்கள். ஆகவே “சபாவிலிருந்து கிடைத்த வருமானம்” என்ற சொற்றொடர்தான் இனி வரப்போகும் சச்சரவின் முள். சபாவில் விளைந்து கோலாலம்பூரில் வரி கட்டப்பட்டது எங்கே கிடைத்ததாகும்? ஜொகூரில் வசூலாகும் வரியில் ஒரு பங்கு ஜொகூருக்கே திரும்பவேண்டும் என்று இங்கும் குரல் எழுந்திருக்கிறது. அக்குரலும் இதே கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சிங்கப்பூருக்கு விடியற்காலையில் வேலைக்குப் போய்வரும் நம் பிள்ளைகளின் வரி யாருடைய கணக்கு என்றும் யாராவது கேட்டால் நன்று.

ஆயினும் போர்னியோத் தலைவர்களின் உரைகளிலும் நமக்குக் குறை தோன்றாமலில்லை. 1963இல் நாடாளுமன்றத்தின் 159 இடங்களில் சபா, சரவாக், சிங்கப்பூர் மூன்றுக்கும் சேர்த்து 55 இடங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல். இன்று 222இல் சபாவுக்கு 25, சரவாக்குக்கு 31. ஆகவே மூன்றிலொன்று கேட்பதை நாம் தவறென்று சொல்லமாட்டோம். ஆனால் வந்த பங்கைத் தங்கள் எல்லைக்குள் யார் யாருக்கு எப்படிப் பிரிப்பார்கள் என்ற இடத்தில் உரைகள் மெலிந்து போகின்றன. வாதம் முழுவதும் ராஜ்யத்துக்கு ராஜ்யம் நடக்கிறது. ராஜ்யம் என்ற சொல்லுக்குள் ஆள் யார்?

இதைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. தோட்டம் தனியார் நிலம் என்ற ஒரே காரணத்தால், கிராம அபிவிருத்திக்கென்று ஒதுக்கின பணம் நெடுங்காலம் தோட்டத்து வாசலோடு நின்றுவிட்டது. தார் ரோடு வாசல் வரை, அப்புறம் செம்மண். சமஷ்டி தன் திட்டத்தில் சேர்க்கவில்லை, ராஜ்யம் தன் கிராமமென்று எண்ணவில்லை, துரைமார் லாபத்தில் கழிக்க மனமில்லை. அந்தச் சண்டையில் ஜொகூருக்கு எத்தனை சதவிகிதம் கிடைத்திருந்தாலும் லயத்துக் குழாயில் தண்ணீர் வந்திராது.

இன்று சபாவின் செம்பனைத் தோட்டங்களில் குலை வெட்டுகிறவர்களில் பலர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பிறப்புப் பத்திரமில்லாதவர் அநேகர். பத்திரமில்லாத பிள்ளைக்குச் சர்க்கார் பள்ளிக்கூடக் கதவு திறப்பது கஷ்டம். அவர்கள் வெட்டும் குலையின் வருமானம் அந்த ஐந்தில் இரண்டு பாகத்துக் கணக்கில் சேரும். நாம் படித்த உரைகளில், இரு தரப்பிலும், அவர்களைப் பற்றி ஒரு வாக்கியத்தையும் காணவில்லை.