கணிப்பொறி சாட்சி சொல்லுமா?

செயற்கை அறிவுப் பொறிகள் ஆய்வுக்கூடத்தில் நுழைந்த பின், கிறிஸ்தவப் படைப்புக் கொள்கையினர் சிலர் புதியதொரு வாதத்தை முன்வைக்கின்றனர். புரதத்தின் மடிப்பைக் கண்டறியவே மனிதன் ஆக்கிய அறிவுப்பொறி வேண்டியிருந்தது. அப்படியானால் மடிப்பை ஆக்கவும் ஓர் அறிவு வேண்டியிருந்திருக்குமன்றோ என்பது அது. அரூரில் என் வகுப்பு மாணவர் ஒருவரும் இதையே கேட்டார். வாதம் கவர்ச்சியானது. ஆனால் நிற்கவில்லை.

ஒகேனக்கல்லில் விழும் நீர்த்துளி எப்பாறையில் மோதி எங்கே தெறிக்கும் என்று கணக்கிடப் புகுந்தால் பெரிய கணிப்பொறியும் திணறும். துளியோ எக்கணக்கும் போடாமல் விழுகிறது. புரதமும் அப்படியே. குலைத்துவிட்ட ரிபோநியூக்ளியேஸ் என்னும் புரதம், தக்க சூழ்நிலை கிடைத்ததும் தானே பழைய வடிவுக்குத் திரும்புவதைக் காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சென் 1972இல் நோபல் பரிசு பெற்றார். அதற்கும் முன்பே, 1963இல், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் புரதத் தொடரின் இரு முறுக்குக் கோணங்களை ஆராய்ந்தனர். அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கக்கூடாது என்ற எளிய நிபந்தனையே பெரும்பாலான கோணங்களை விலக்கிவிடுகிறது என்று கண்டனர். அவ்வரைபடம் இன்றும் புரத வடிவங்களைச் சரிபார்க்கும் உரைகல். இயற்கை விதிகளை வகுத்தவர் யார் என்று கேட்கலாம், தாராளமாகக் கேட்கட்டும். அதற்கு விடை சொல்லும் வேலை பொறியினுடையதன்று.

20 வகை அமினோ அமிலங்களை 100 இடங்களில் கோத்தால் வரும் வரிசைகள் 1க்குப் பின் 130 சுழிகள் என்ற பழைய கணக்கையும் இவர்கள் காட்டுவர். பெருக்கல் சரிதான். ஆனால் ஒரே வீச்சில் புரதம் உருவானது என்று பரிணாமக் கொள்கை சொல்லவில்லையே!

இனிப் பொறிக்கு வருவோம். 2024இல் டெமிஸ் ஹஸாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசின் ஒரு பாதியைப் பெற்றுத் தந்த ஆல்ஃபாஃபோல்டு எவ்வாறு வேலை செய்கிறது? ஒரு புரதத்தின் வரிசையைப் பல உயிரினங்களில் உள்ள அதன் உறவுப் புரதங்களோடு அடுக்கிப் பார்க்கிறது. ஓரிடத்தில் அமிலம் மாறும்போதெல்லாம் தொலைவிலுள்ள மற்றோரிடத்திலும் மாறினால், அவ்விரண்டும் மடிப்பில் அருகருகே இருக்கலாம் என ஊகிக்கிறது. அடுக்கில் சுமார் 30 வரிசைகளுக்குக் குறைந்தால் துல்லியம் சரிகிறது. ஒரே சிற்பி ஒரே அச்சைப் பயன்படுத்தினார் என்றால் ஒற்றுமைக்கு அது விளக்கமாகலாம். இங்கே பொறிக்குத் துப்புக் கொடுப்பவையோ வேற்றுமைகள். இவை தலைமுறை தலைமுறையாக நேர்ந்த மாறுதல்களின் தடங்கள் என்பதே உயிரியலார் கருத்து.

எனினும், பொறியே பரிணாமத்தை மெய்ப்பித்துவிட்டது என்று மறுதரப்பினர் துள்ளினால் அதுவும் மிகை. கொடுத்த வரிசைகளில் உள்ள ஒழுங்கைத்தான் அது கற்கிறது. ஒழுங்கு வந்த வழியை அது அறியாது. பரிணாமத்தின் சான்றுகள் வேறிடத்தில் உள்ளன. வாலில்லாக் குரங்குகளில் தனித்தனியாக இருக்கும் இரு குரோமோசோம்கள் ஒட்டி நம் 2ஆம் குரோமோசோம் ஆன வடு, இப்பொறிகள் வருவதற்கு வெகு முன்னர், 1991இலேயே கண்டறியப்பட்டது. மனித மரபணுத்தொகுதித் திட்டத்தை அமெரிக்காவில் தலைமையேற்று நடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் இத்தகைய சான்றுகளை ஏற்றவர். பக்தியுள்ள கிறிஸ்தவரும் அவரே. அம்மாணவரிடம் அன்று நான் முதலில் சொன்னது இவர் பெயரைத்தான்.