உப்புக் காற்றில் ஒரு கேமிங் பெட்டி

கேமிங் கம்ப்யூட்டர் பற்றிய விமர்சனங்களில் முக்கால்வாசி ஏசி அறையில் பிறப்பவை. 'இந்தக் கார்டு 65 டிகிரியைத் தாண்டவே இல்லை' என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார் என்றால், அவர் உட்கார்ந்திருக்கும் அறை 21, 22 டிகிரியில் இருக்கும். அதே கார்டு கோடையில் செங்கல்பட்டு மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறைக்கு வந்தால், அறையே 36. இடையில் இருக்கும் 14 டிகிரியும் ஏறக்குறைய அப்படியே கார்டின் தலையில் ஏறும். இன்னும் முப்பது கிலோமீட்டர் கிழக்கே போய் மாமல்லபுரத்தில் வைத்தால், சூட்டோடு உப்பும் சேர்ந்துகொள்ளும். அந்த விமர்சனங்களில் உப்பைப் பற்றி ஒரு வரி கூட நான் பார்த்ததில்லை.

நாங்கள் அசெம்பிள் செய்த பெட்டி மாமல்லபுரத்தில் அக்கா வீட்டில் இருக்கிறது. கடலுக்கு நடந்தே போய்விடலாம். பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு அக்கா மகன் கேட்டது இது: "மாமா, லேப்டாப் வேணாம். பார்ட்ஸ் வாங்கி நாமளே பண்ணிடலாம்." இருவருக்கும் இதுதான் முதல் முறை. 2025 மே கடைசியில் கட்டினோம். கோடையின் மிச்சமும் ஒரு முழு வடகிழக்குப் பருவமழையும் கடந்து பெட்டி ஓடிக்கொண்டிருப்பதால் இப்போது எழுதலாம்.

சாமான் வாங்க சென்னை ரிச்சி தெருதான். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கி, எதிரே சென்ட்ரல் மெட்ரோவில் ஒரே ஒரு ஸ்டேஷன், கவர்மென்ட் எஸ்டேட். அங்கிருந்து நடை. ஆன்லைனில் ஒன்றிரண்டு பொருள் நூறு, இருநூறு குறைவாகக் கிடைக்கும். ஆனாலும் கையில் எடுத்துப் பார்த்து, சீரியல் நம்பரைப் பெட்டியோடும் பில்லோடும் ஒத்துப்பார்த்து வாங்குவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. "பில் இல்லாம வேணும்னா சொல்லுங்க, குறைச்சுப் போட்டுத் தரேன்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி கசக்கத்தான் செய்யும். ஆனால் மூன்று வருஷ வாரண்டி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் கிராபிக்ஸ் கார்டு விலையைப் பார்த்து பையனுக்குச் சபலம் தட்டியது. 2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் முறையைக் கைவிட்டதும், இரவு பகலாக ஓடித் தேய்ந்த கார்டுகள் சந்தைக்குள் வந்து கொட்டின. எது எங்கே எத்தனை நாள் ஓடியது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேண்டாம் என்றேன்.

பிராசஸர் ரைசன் 5 7600. ஆறு கோர், 65 வாட். பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம், ஒரு டிபி எஸ்எஸ்டி, 650 வாட் எஸ்எம்பிஎஸ், 24 இன்ச் மானிட்டர். எல்லாம் சேர்த்து 85,000 ரூபாயைக் கொஞ்சம் தாண்டியது. வாக்குவாதம் வந்தது கிராபிக்ஸ் கார்டில். ஆர்டிஎக்ஸ் 5060 அப்போதுதான் வந்திருந்தது. பையனுக்கு அதன்மேல் கண். நான் பழைய 4060-க்கே நின்றேன். புதியது வேகம் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் அது 145 வாட், இது 115. ஏசி இல்லாத அறைக்குள் அந்த 30 வாட் வெறும் சூடாகத்தான் வந்து சேரும். அதை வெளியே தள்ளும் வேலை சின்னப் பெட்டிக்கும் சீலிங் ஃபேனுக்கும். கடற்கரை ஊரில் வாட்டைப் பார்த்துவிட்டுத்தான் வேகத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அசெம்பிள் செய்வதைப் பற்றி இருக்கும் பயத்தில் பாதி தேவையில்லாதது. பிளக்குகள் ஒவ்வொன்றும் ஒரு வடிவம், தப்பான இடத்தில் போகவே போகாது. நெஞ்சு படபடக்கும் இடம் ஒன்றுதான்: பிராசஸரை சாக்கெட்டில் வைத்து, பக்கவாட்டுக் கம்பியை அழுத்திப் பூட்டுவது. இந்த ஏஎம்5 சாக்கெட்டில் 1718 மெல்லிய பின்கள் மதர்போர்டிலேயே இருக்கின்றன. கம்பியைக் கீழே அழுத்தும்போது 'கறக்' என்று ஒரு சத்தம் வரும், கையில் நல்ல எதிர்ப்பும் தெரியும். உடைந்துவிட்டது என்றே தோன்றும். உடையவில்லை. முக்கோணக் குறி முக்கோணத்தோடு பொருந்தியிருந்தால், தைரியமாக அழுத்தலாம்.

அதைவிடப் பொறுமையைச் சோதிப்பது, கேபினெட்டின் முன்பக்க பட்டன், லைட்டுகளுக்கான ஒற்றை ஒற்றை ஒயர்கள். அரிசிப் பருக்கை அகலத்தில் இருக்கும் பின்களில், எது பிளஸ் எது மைனஸ் என்று மேனுவலைப் பார்த்துச் செருக வேண்டும். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பையன் செய்தான். இளம் கண்ணுக்கான வேலை அது. நான் தெர்மல் பேஸ்ட் வைத்தேன்.

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் முதலில் சொல்வது மணிக்கட்டில் ஆன்டி ஸ்டாட்டிக் பட்டை கட்டுங்கள் என்றுதான். காற்று வறண்டுபோகும் குளிர் நாட்டுக்கு அது சரியான கவலை. மாமல்லபுரத்துப் புழுக்கத்தில் உடம்பில் நிலைமின்சாரம் தேங்குவது அபூர்வம். எஸ்எம்பிஎஸ் இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு வேலையை ஆரம்பித்தால் போதும். இங்கே கவலைப்பட வேண்டிய மின்சாரம் வேறு: எர்த். பழைய வீடுகளில் மூன்று பின் பிளக் பாயின்ட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் கம்ப்யூட்டரை மாட்டினால் கேபினெட்டைத் தொடும்போது 'சுர்' என்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ் உள்ளே இருக்கும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் வழியாகக் கசியும் மின்சாரம் போக வழியில்லாமல் இரும்பிலேயே நிற்பதால் வருவது அது. அக்கா வீட்டில் எலக்ட்ரீஷியனை வைத்து டெஸ்ட் செய்தபோது எர்த் பலவீனமாக இருந்தது. மணல் பூமியில் ஈரம் நிற்காது. அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவார்கள். பெட்டிக்கு எதிரியான உப்பு, குழிக்குள் மட்டும் நண்பன். கேமிங் பிசிக்குப் போடும் பட்ஜெட்டில் எலக்ட்ரீஷியன் கூலியையும் சேர்த்து எழுதுங்கள்.

முதல் முறை ஸ்விட்ச் போட்டதும் ஃபேன்கள் சுற்றின. திரை இருட்டாகவே இருந்தது. டிடிஆர்5 போர்டுகளில் இது இயல்பு. ராமோடு பேசிப் பழக முதல் தடவை சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அந்தச் சில நிமிடத்தில் பதறி, ஆஃப் செய்து, எல்லாவற்றையும் கழற்றுகிறவர்கள் நிறைய. காபி போட்டுக் குடியுங்கள். பிறகு மூன்று விஷயம் கவனிக்க வேண்டும், மூன்றுமே காசு செலவில்லாதவை. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் அல்ல, கிராபிக்ஸ் கார்டில் செருக வேண்டும். இந்தப் பிராசஸருக்குள்ளேயே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால், தப்பாகச் செருகினாலும் படம் வரும், விளையாட்டு மட்டும் நொண்டும். இரண்டாவது, பயாஸில் எக்ஸ்போ என்பதை ஆன் செய்யாவிட்டால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ராம் 4800-ல்தான் ஓடும். மூன்றாவது, விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸை 144 ஆக மாற்றுவது. இதைச் செய்யாமல் வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஓட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 1080பி மானிட்டருக்கு இந்தப் பெட்டி தாராளம். வாலரன்ட் 240 ஃபிரேமுக்கு மேலேயே நிற்கிறது. சைபர்பங்க் 2077 ரே டிரேசிங் இல்லாமல், ஹை செட்டிங்கில் 60-க்குக் குறையாமல் போகிறது. கார்டில் 8 ஜிபிதான் மெமரி. நாலு வருஷம் கழித்து அது உறுத்தும், இன்று இல்லை.

சூடுதான் பேச வேண்டியது. ஜூன் மதியம், அறை 36 டிகிரி. கார்டு 78 வரை போனது. அதன் வரம்பு 90 என்பதால் பயமில்லை. பிராசஸரோடு பெட்டியிலேயே வந்த குட்டி ஃபேன் மட்டும் பிராசஸரை 90-க்குப் பக்கத்தில் நிறுத்தியது, ஹேர் டிரையர் மாதிரி கத்தவும் செய்தது. 2,000 ரூபாய்க்குள் ஒரு டவர் கூலர் வாங்கி மாட்டியதும் எழுபதுகளின் நடுவுக்கு இறங்கியது. ஃபிரேமை 144-ல் கட்டிப்போட்டால் கார்டும் இன்னும் குளிரும், ஏனென்றால் மானிட்டர் காட்டாத ஃபிரேமுக்காக அது உழைப்பதில்லை. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து, உள்ளே வண்ண விளக்கு மின்னும் கேபினெட்டுகள் கடையில் அழகாக இருக்கும். நம் ஊருக்கு முன்பக்கம் வலை வைத்ததே சரி.

இனி உப்பு. ஆறு மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தோம். மதர்போர்டு புதிதாகவே இருந்தது. ராமின் தொடுமுனைகள் தங்கப் பூச்சு, அவற்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. துரு வந்தது மலிவான இரும்பில்: கேபினெட் திருகுகளின் தலையில் காவிப் புள்ளிகள், கிராபிக்ஸ் கார்டைப் பின்பக்கம் பிடித்திருக்கும் தகட்டின் ஓரத்தில் விரல் நகத்தளவு செம்மை, யாரும் பயன்படுத்தாத ஒரு யுஎஸ்பி துளையின் விளிம்பில் வெள்ளைப் பூப்பு. கடைசி இரண்டும் கவலைக்குரியவை, ஏனென்றால் துருவுக்கு வாரண்டி கிடையாது என்று பல கம்பெனிகள் நிபந்தனையிலேயே எழுதி வைத்திருக்கின்றன. ஃபேன் பழுதென்று கொண்டுபோனாலும் தகட்டில் துருவைக் காட்டித் திருப்பி அனுப்பலாம்.

இதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு எளிது. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடற்கரையில் இரவும் விடியற்காலையும் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டும். பகலில் கடல்காற்றோடு பெட்டிக்குள் வந்து படிந்த உப்புத்தூள், ராத்திரி இயந்திரம் ஆறிக் கிடக்கும்போது உப்புநீராகிறது. ஓடும் பெட்டி வெதுவெதுப்பாக இருப்பதால் உள்ளே ஈரப்பதம் குறைவு. ஆகவே கடலோரத்தில் தினமும் ஓடும் கம்ப்யூட்டரைவிட, பரீட்சை முடியட்டும் என்று துணி போட்டு மூடி மாதக்கணக்கில் ஓரங்கட்டிய கம்ப்யூட்டர்தான் சீக்கிரம் கெடும். அக்காவுக்கு இதைச் சொன்னபோது, "நீயும் அவனும் பேசி வெச்சிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

செய்தது இவ்வளவுதான். மேசையைக் கிழக்கு ஜன்னலை விட்டு உள்சுவர் ஓரம் நகர்த்தினோம், மதியத்துக்கு மேல் கடல்காற்று அந்த ஜன்னல் வழியாகத்தான் நேரே வரும். காற்றை உள்ளே இழுக்கும் ஃபேன் இரண்டு, வெளியே தள்ளுவது ஒன்று என்று வைத்தோம். அப்போது காற்று வலை வழியாக மட்டுமே நுழையும், சந்துபொந்துகளில் புகாது. வலையை வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து மாட்டுகிறோம். சும்மா இருக்கும் துளைகளுக்கு ரப்பர் மூடி. துருப்பிடித்த திருகுகளுக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகுகள். பழைய மெக்கானிக்குகள் ராமைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பார்கள். அது தங்கப் பூச்சையும் சேர்த்துத் தேய்க்கும், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே நல்லது.

கரண்ட் கதை தனி. 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது. அந்த மாதிரி ராத்திரியில் பிளக்கோடு இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கி வைப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை. சாதாரண நாள் கரண்ட் கட்டுக்கு ஒரு யுபிஎஸ் அவசியம். 600 விஏ என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்டுக்குத்தான் தாங்கும். இந்தப் பெட்டி மானிட்டரோடு விளையாடும்போது சுமார் 270 வாட் இழுக்கிறது. 1000 விஏ எடுத்தால் நிம்மதி. ஃபேன், லைட்டுக்காக வீட்டில் இருக்கும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் இதை மாட்டாதீர்கள், நவீன எஸ்எம்பிஎஸ்களில் பல அந்த அலையோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடும். பில் கணக்கும் சொல்லிவிடுகிறேன்: தினம் மூன்று மணி நேரம் விளையாடினால் இரண்டு மாத பில்லில் கிட்டத்தட்ட 50 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் பாதியை ஒரு வாலரன்ட் ரசிகன் தின்றுவிடுகிறான். ஏற்கெனவே 500 யூனிட் கோட்டை ஒட்டி ஓடும் வீடு என்றால், இதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

ரெடிமேட் பெட்டி வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில் 2007-லிருந்து டெல் தொழிற்சாலை இருக்கிறது, கம்ப்யூட்டர் எங்களுக்கு வெளியூர்ச் சரக்கே அல்ல. ஆனால் பிராண்டட் டெஸ்க்டாப் பலவற்றில் எஸ்எம்பிஎஸும் மதர்போர்டும் அந்தந்தக் கம்பெனியின் தனி அளவு. ஒன்று துருவேறிப் போனால் ரிச்சி தெருவில் மாற்று கிடைக்காது. எங்கள் பெட்டியில் எந்தத் துண்டு போனாலும் அதை மட்டும் மாற்றலாம். சாமான்கள் சீக்கிரம் சாகும் ஊரில் இதற்குத் தனி மதிப்பு. வருஷத்துக்கு இரண்டு முறை திறந்து துடைக்கச் சோம்பல் படுபவர் மட்டும் பிராண்டட் வாங்கிக்கொண்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடலாம்.

இன்று இதே பெட்டியைக் கட்ட நினைப்பவர்களுக்குக் கெட்ட செய்தி ராம் விலை. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் விலை இரட்டிப்பையும் தாண்டியது. சில்லறை ராம் விற்றுவந்த குரூஷியல் என்ற தன் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. இப்போதைக்கு 16 ஜிபியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இரண்டு துளைகள் காலியாக இருக்கும் போர்டாக எடுத்தால் விலை இறங்கியதும் சேர்க்கலாம்.

அக்கா இந்தப் பெட்டியில் விளையாடி முடித்த ஒரே விளையாட்டு வெண்பா. டொரன்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபோன தமிழம்மா இட்லி ஊற்றுவதும் குழம்பு வைப்பதும்தான் ஆட்டம். அடுத்த வருஷம் பாஃப்டா விருது வாங்கியது. அதற்கு இந்தக் கிராபிக்ஸ் கார்டு தேவையே இல்லை, பழைய லேப்டாப்பிலும் ஓடும். கார்டு அப்போது 45 டிகிரியில் ஃபேன் கூடச் சுற்றாமல் சும்மா இருந்தது.