மடையும் மறுகாலும்

ஆனி பிறந்து சாரல் விழுந்தால் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள். செங்கோட்டை, தென்காசிப் பக்கத்து விவசாயி குளத்தைப் பார்ப்பார். குளம் என்றால் கரையும் தண்ணீரும் மட்டுமல்ல. வயலுக்கு நீர் விட மடை வேண்டும். நிறைந்த நீர் கரையை உடைக்காமல் கழிய மறுகால் வேண்டும். மடைப் பலகையை எப்போது தூக்குவது, எவ்வளவு தூக்குவது, எப்போது இறக்குவது என்பதை நீர்பாய்ச்சி அறிவார்.

நம் ரத்தத்தில் ஓடும் நோய் எதிர்ப்புச் செல்களைப் பற்றிய கடந்த நாற்பது ஆண்டு ஆராய்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் குளங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. 'எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்' என்று எத்தனையோ பொருள்கள் கடைகளில் விற்கின்றன. செல்லுக்குள் நடப்பதைப் பார்த்தால், கூட்டுவது பாதி வேலை, அடக்குவது மறுபாதி. இரண்டையும் செய்பவை புரதங்கள்.

அந்த எதிர்ப்புச் செல்களில் ஒரு வகையான டி செல்லிலிருந்து தொடங்குவோம். அதன் ஏற்பியின் மரபணுவை 1984இல் டாக் மாக், மார்க் டேவிஸ் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டெடுத்தன. அந்த ஏற்பி கிருமியின் துணுக்கை அடையாளம் காணும். ஆனால் செய்தியை உள்ளே கடத்த அதற்கு வால் போதாது. கூடவே நிற்கும் சி.டி.3 குடும்பப் புரதங்களின் வால்கள்தான் செய்தியை ஏந்துகின்றன. அவற்றில் பத்து இடங்கள் இதற்கென்றே அமைந்திருக்கின்றன. எல்.சி.கே. என்ற நொதி அங்கே பாஸ்பேட் துணுக்குகளை ஒட்டுகிறது. ஒட்டிய இடத்தில் ஸாப்-70 வந்து அமர்கிறது. அது லாட் என்ற அடுத்த புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டுகிறது. அங்கிருந்து செய்தி வாய்க்கால்களாகப் பிரிந்து உட்கருவை அடைகிறது.

இந்த முதல் படியிலேயே பூட்டு இருக்கிறது. எல்.சி.கே.யின் வாலில் சி.எஸ்.கே. என்ற நொதி ஒரு பாஸ்பேட்டை வைத்து அதை மடக்கிப் போடுகிறது, சி.டி.45 அதை எடுத்து விடுவிக்கிறது. ஒரு கை பூட்ட, ஒரு கை திறக்க, செல் எந்நேரமும் தயார் நிலையில் நிற்கிறது. ஸாப்-70 பிறவியிலேயே பழுதான குழந்தைகளை மருத்துவர்கள் 1994இல் விவரித்தார்கள். அவர்களுடைய ரத்தத்தில் டி செல்கள் இருந்தும் கிருமியைக் கண்டு எழவில்லை.

வாய்க்கால்களில் ஒன்று என்.எஃப். காப்பா பி என்ற புரதம். இதை 1986இல் டேவிட் பால்டிமோரின் ஆய்வகத்தில் பி செல்களில் கண்டுபிடித்தவர் இந்தியாவிலிருந்து சென்ற ரஞ்சன் சென். வேலையில்லாத நேரத்தில் ஐ காப்பா பி என்ற புரதம் இதைப் பிடித்து உட்கருவுக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கும். ஆபத்துச் செய்தி வந்ததும் அந்தக் காவல் புரதம் அழிக்கப்படுகிறது. விடுபட்டது உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களை எழுப்புகிறது. அப்படி எழுப்பும் மரபணுக்களில் ஒன்று அந்தக் காவல் புரதத்துக்கே உரியது. மடையைத் திறந்த கையே அதை அடைக்கும் பலகைக்கும் சொல்லி அனுப்புகிறது. படித்த நாளிலிருந்து என்னை விட்டு அகலாத செய்தி இது.

நம் பக்கத்து நிலவேம்புக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. டெங்குக் காலங்களில் தமிழக அரசு வழங்கிய நிலவேம்புக் குடிநீரில் ஒன்பது சரக்குகள் சேரும். நிலவேம்பின் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராபோலைடு, என்.எஃப். காப்பா பி-யின் ஓர் உறுப்பில் ஒட்டிக்கொண்டு அது மரபணுவைத் தொடவிடாமல் தடுக்கிறது என்று 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. சக்தியைக் கூட்டும் என்று நம்பிக் குடிக்கிறோம். அந்தக் கசப்போ ஒரு மடையை அடைக்கிறது. ஆய்வகத்தில் கண்டது கஷாயம் குடித்தவர் உடலிலும் அப்படியே நடக்கும் என்பதற்குச் சான்றாகிவிடாது. ஆனாலும் கேள்வியை எந்தப் பக்கமிருந்து கேட்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது.

இன்னொரு வாய்க்கால் கால்சியம். ஸ்டிம்-1 என்ற புரதம் செல்லின் உள்சேமிப்பு குறைவதை உணர்ந்து, செல் சவ்விலுள்ள வாயிலைத் திறக்கிறது. அந்த வாயிலின் பெயர் ஒராய்-1. கிரேக்கக் கதைகளில் சொர்க்க வாசலைக் காப்பவர்களின் பெயர் அது. நம் கோயில்களில் துவாரபாலகர் போல. 2006இல் அதைக் கண்டறிந்த குழுக்களில் ஒன்று, இந்தியாவில் பிறந்த அஞ்சனா ராவுடையது. அவர்கள் தொடங்கிய இடம் ஒரு குடும்பத்தின் துயரம்: வாயிலில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறிப்போனதால் டி செல்கள் செயலற்றுப் போன குழந்தைகள்.

உள்ளே புகுந்த கால்சியம் கால்சினியூரின் என்ற நொதியை எழுப்ப, அது என்ஃபாட் என்ற புரதத்தை உட்கருவுக்கு அனுப்புகிறது. சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் மருந்துகள் அடைப்பது இந்தக் கால்சினியூரினைத்தான் என்று 1991இல் தெரியவந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தபோது இம்மருந்துகள் கிடையாது. இன்று மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழும் பலர் நேரம் தவறாமல் விழுங்கும் மாத்திரை, ஒரு புரதத்தின் மேல் இறக்கிய பலகை.

இனி மறுகால். சி.டி.எல்.ஏ-4 என்ற தடைப் புரதம் இல்லாமல் பிறந்த எலிகள், தம் டி செல்களே பெருகி உறுப்புகளைத் தாக்க, மூன்று நான்கு வாரங்களில் இறந்தன. 1995இல் வந்த இந்தச் செய்தி துறையையே உலுக்கியது. பி.டி-1 இன்னொரு தடை; அது அழைத்து வரும் நொதி, ஒட்டிய பாஸ்பேட்டுகளைக் கழற்றிவிடுகிறது. புற்றுக் கட்டிகள் இந்தத் தடைகளைப் பயன்படுத்தித் தப்பிக்கின்றன. தடையை நீக்கிப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசனும் தாசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பெற்றார்கள். அப்படித் தடையை நீக்கும் மருந்தால் சிலருக்குக் குடலும் தைராய்டும் அழற்சியில் தவிக்கின்றன. 2025 நோபல், பிற செல்களை அடக்கும் டி செல்களையும் அவற்றை ஆளும் ஃபாக்ஸ்பி-3 மரபணுவையும் கண்ட மேரி பிரங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் போயிற்று.

அடக்குவதும் பாதி வேலை என்பதைக் கோவிட் காலம் கண்ணெதிரே காட்டியது. ஆக்சிஜன் தேவைப்பட்ட நோயாளிகளின் இறப்பைக் குறைத்தது, எதிர்ப்பாற்றலை அடக்கும் டெக்சாமெத்தசோன். புற்றுநோய்ச் சிகிச்சையிலும் இதே கதைதான். 2023 அக்டோபரில் இந்தியா அனுமதித்த முதல் கார்-டி சிகிச்சையான நெக்ஸ்கார்19, மும்பை ஐஐடியும் டாடா நினைவு மையமும் உருவாக்கியது. நோயாளியின் டி செல்லில் புதிய ஏற்பியைப் பொருத்தி, உள்ளே பழைய சி.டி.3 வாலையே வைத்திருக்கிறார்கள். அந்தச் செல்கள் மிகுந்து கொந்தளித்தால் அடக்கவும் மருந்து தயாராக இருக்க வேண்டும்.

எங்கள் பக்கம் குளம் நிறைந்ததை 'மறுகால் பாயுது' என்றுதான் சொல்வோம். கேட்டதும் சின்னப் பிள்ளைகள் முதல் பெரியவர்கள் வரை பார்க்க ஓடுவார்கள். நிறைவைச் சொல்ல வழிந்தோடும் வாயைச் சொன்ன ஊர் இது. எதிர்ப்பாற்றலையும் அந்தச் சொல்லால் அளந்து பார்க்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.